இடம் மாறிக் கிடக்கும் சத்து
மேட்டூர் வட்டார மண்ணின் வரவு செலவு

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் இரண்டு காட்சிகள் வெளியே வரும். ஒன்றை எல்லோரும் படம் எடுக்கிறார்கள்: நீருக்குள் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, பழைய தேவாலயத்தின் கோபுரம். மற்றதைப் பார்க்க யாரும் மெனக்கெட்டு வருவதில்லை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, அந்த ஈரத்தைத் துரத்திக்கொண்டே உழவர்கள் ஏர் ஓட்டுகிறார்கள். எள், கம்பு, சோளம், நிலக்கடலை, வெள்ளரி என்று விதைக்கிறார்கள். நிலம் அணைக்குச் சொந்தம், பட்டா கிடையாது. காவிரி பிறக்கும் குடகில் மழை வலுத்தால் சில நாளில் எல்லாம் முழுகிவிடும். ஆனாலும் விதைக்கிறார்கள். கரைக்கு மேலே இருக்கும் சொந்த மேட்டுக்காடு மூட்டை மூட்டையாக உரம் கேட்கிறது. இந்தச் சேறு அவ்வளவு கேட்பதில்லை.

அதே கரையில் இன்னொரு காட்சியும் உண்டு. அதற்கு மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பண்ணவாடி, கோட்டையூர், செட்டிப்பட்டிப் பகுதிகளில் சில ஆண்டுகளாக நீர்ப்பரப்பின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசி படர்கிறது. துர்நாற்றம் தாங்காமல் மக்கள் முறையிடுவதும், நீர்வளத் துறையினர் பரிசலிலும் படகிலும் போய் நுண்ணுயிர்க் கலவை தெளிப்பதும் வழக்கமாகிவிட்டன. ஆற்றோடு வரும் கழிவு, வயல்களிலிருந்து கரைந்து வரும் உரம், நீர் ஏறும்போது முழுகி அழுகும் பயிர் எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தண்ணீரில் சத்து மிகுந்துவிட்டது. முக்கியமாக மணிச்சத்து (பாஸ்பரஸ்). கரைமேல் செம்மண் காட்டில் எந்தச் சத்து பயிருக்கு எட்டாமல் இருக்கிறதோ, அதே சத்து நீரில் அளவுக்கு மீறிப் பாசியை வளர்க்கிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதுதான். சேலம், நாமக்கல் சமவெளியில் சத்துப் பஞ்சம் என்று ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. சத்து இருக்கிறது; இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அது எங்கே கிளம்பி, எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்று பார்த்தால், மண் பரிசோதனைத் தாளில் தெரியாத பல விஷயங்கள் தெரிய வரும்.

மலையிலிருந்து தொடங்குவோம். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உச்சிப் பகுதிகளில் பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் 1965 முதல் ஓடிய அலுமினிய ஆலைக்கு அங்கிருந்துதான் தாது வெட்டிக் கொண்டுவரப்பட்டது. பாக்சைட்டை நாம் கனிமம் என்று மட்டுமே பார்க்கிறோம். மண்ணியல் கண்ணால் பார்த்தால் அது சத்தெல்லாம் கரைந்துபோன பழம் மண். ஏற்காட்டுப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இப்படி இலட்சக்கணக்கான ஆண்டுகள் பாறைமேல் மழை விழுந்து வடிந்தால், முதலில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போகும், பிறகு மெக்னீசியம், சாம்பல் சத்து (பொட்டாஷ்), கடைசியில் மணலின் மூலமான சிலிக்காவே கரைந்து போகும். போக மனமில்லாமல் மிஞ்சுவது அலுமினியமும் இரும்பும். அதைத்தான் லாரியில் ஏற்றி மேட்டூருக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்படிப்பட்ட மண்மேல் காடு எப்படி அடர்ந்து நிற்கிறது? காட்டின் சத்து மண்ணுக்குள் குறைவாகவும் காட்டுக்குள் அதிகமாகவும் இருக்கிறது. இலை விழுந்த உடனே பூசணமும் கரையானும் மண்புழுவும் அதைப் பிரிக்கின்றன. மேல்மட்டத்தில் பாய் விரித்ததுபோல் பின்னிக் கிடக்கும் சன்ன வேர்கள், கரைந்த சத்து அடியாழத்துக்கு இறங்குமுன்பே வழிமறித்து எடுத்துக்கொள்கின்றன. ஒரே காசு கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கப் பிழைப்பு நடத்துவது போன்ற ஏற்பாடு. அந்தக் காட்டை வெட்டி, தடியை வெளியே விற்று, சரிவை உழுதால் முதல் இரண்டு மூன்று வெள்ளாமை நன்றாகத்தான் வரும். அது காடு சேர்த்துவைத்த முதலைக் கரைக்கும் வெள்ளாமை. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கைப் பறிக்க மண்ணைப் புரட்டியாக வேண்டும். புரட்டிய சரிவில் ஒரு நல்ல மழை விழுந்தால் மேல்மண் ஓடையில்தான்.

மலையில் கரைந்த சுண்ணாம்பு எல்லாம் கடலுக்குப் போய்விடவில்லை என்பதும் இந்த வட்டாரத்தின் தனிக்கதை. சமவெளியில் மழை குறைவு. ஏறத்தாழ 700 முதல் 900 மில்லிமீட்டர். வெயில் மிகுதி. இங்கேயும் பாறை உதிர்கிறது, சுண்ணாம்பு கரைகிறது, ஆனால் அதை முழுசாக அடித்துக்கொண்டு போகத் தண்ணீர் போதாது. அதனால் மண்ணுக்குள்ளேயே வெள்ளை உருண்டையாக, தகடாகப் படிந்துவிடுகிறது. கிணறு வெட்டியவர்களுக்கும் கடப்பாரை போட்டவர்களுக்கும் தெரிந்த சுக்கான் அதுதான். மேலே செவல் என்கிற செம்மண், இரண்டடியில் சுக்கான் என்கிற நிலம் சேலத்துச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம்.

சுக்கான் நிலத்தின் தொல்லை இலையில் தெரியும். கடலைச் செடியின் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மரவள்ளியிலும் அப்படியே. இரும்புச் சத்துக் குறை. சேலத்திலிருந்து மேற்கே போகிறவர்கள் கண்ணில் கஞ்சமலை படாமல் போகாது; அது இரும்புத் தாது மலை. 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை இரும்பாலைக்கு இந்தச் சேலம் வட்டாரத் தாதுவை நம்பித்தான் ஹீத் என்ற ஆங்கிலேயர் கடை விரித்தார். இரும்பு மலை கண்ணெதிரே நிற்க, அடிவாரத்து நிலக்கடலை இரும்பில்லாமல் வெளுக்கிறது என்றால் வேடிக்கைதான். மண்ணில் இரும்பு எக்கச்சக்கம். சுண்ணாம்பு மிகுந்த கார நிலத்தில் அது துருவாக இறுகிக் கிடக்கிறது. கரையாத எதையும் வேர் குடிக்க முடியாது.

செடிகள் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. நிலக்கடலை போன்றவை வேரைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு இரும்பைக் கரைக்கப் பார்க்கின்றன. சுக்கான் நிலம் அந்த அமிலத்தைச் சுண்ணாம்பால் முறியடித்துவிடுகிறது. புல்லினப் பயிர்களுக்கு வேறு தந்திரம். இரும்பைக் கவ்விப் பிடித்துத் திரும்ப வேருக்கே கொண்டுவரும் ஒரு கசிவை அவை வெளியிடுகின்றன. ஜப்பானிய அறிவியலாளர் தகாகி 1970களில் இதைக் கண்டறிந்தார். வட சீனத்தின் சுண்ணாம்பு நிலங்களில் மக்காச்சோளத்தோடு ஊடுபயிராக நிலக்கடலை போட்டபோது, தனியாகப் போட்டதைவிடக் கடலை வெளுப்பது குறைந்ததைப் பின்னர் ஆராய்ந்து எழுதினார்கள். மக்காச்சோளத்தின் கசிவு விடுவித்த இரும்பில் கடலையும் பங்கு பெற்றது. நம் பக்கத்து மானாவாரிக் காட்டில் கடலைக்கு நடுவே சோளமோ கம்போ சால் விட்டு விதைக்கும் பழக்கம் பழையது. அது இரும்புக்காகச் செய்தது என்று நான் கதை கட்டமாட்டேன். மாட்டுக்குத் தட்டு வேண்டும், அதற்காகத்தான் விதைத்தார்கள். இப்போது தட்டோடு சேர்த்து இன்னொரு காரணமும் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி மரவள்ளி. சேலத்துக்காரர்கள் வாயில் குச்சிக்கிழங்கு. இந்த வட்டாரத்தின் மண்ணைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிர் கிடையாது. தோற்றத்தில் ஏமாற்றுப் பேர்வழி. குச்சியை ஒடித்து நட்டால் சரளையிலும் முளைக்கும், வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். அதனால் இது மண்ணை அதிகம் கேட்காத பயிர் என்று பெயர் வாங்கிவிட்டது.

அதன் வேரைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தடித்த வேர், வேர்த்தூவிகள் குறைவு. மணிச்சத்தை உறிஞ்சுவதற்கு இதைவிட மோசமான வேர் இல்லை. மணிச்சத்து மண்ணில் நகரவே நகராது. செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், சுக்கானில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை எடுத்து முடித்துவிட்டால் அடுத்தது தானாக வந்து சேராது. போட்ட டிஏபி உரத்தின் மணிச்சத்தில் முதல் வெள்ளாமைக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. அப்படியிருக்க, மரவள்ளி எப்படி ஏழை மண்ணில் பிழைக்கிறது? வேருக்குள் குடியேறும் ஒரு பூசணம், வேர் உட்பூசணம், தன் இழைகளைச் சென்டிமீட்டர் கணக்கில் மண்ணுக்குள் நீட்டி மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கூலியாகச் செடியின் சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. கொலம்பியாவில் ஆய்வாளர்கள் பூசணமில்லாத கரைசலில் மரவள்ளியை வளர்த்துப் பார்த்தபோது மற்ற பயிர்களைவிட மிக அதிக மணிச்சத்து கொடுத்தால்தான் அது வளர்ந்தது. நிலத்திலோ கொஞ்சத்திலேயே செழித்தது. வித்தியாசம் அந்தப் பூசணம். வேளாண் விரிவாக்க மையங்களில் ‘வேம்’ என்று பொட்டலமாக விற்பதும் இதைத்தான்.

மணிச்சத்தில் சிக்கனம் காட்டும் இந்தப் பயிர் சாம்பல் சத்தில் ஊதாரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை மரவள்ளிக்குப் பரிந்துரைக்கும் அளவே கதையைச் சொல்லிவிடும்: ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம், அதன் மேல் 90 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 90 கிலோ மணிச்சத்து, 240 கிலோ சாம்பல் சத்து. இலையில் செய்த சர்க்கரையைக் கிழங்குக்கு இறக்க அந்தச் சத்து இல்லாமல் ஆகாது. சேலத்துப் பாறைகளில் சாம்பல் சத்துள்ள கனிமங்கள் இருப்பதால் மண் மெல்ல மெல்லக் கொஞ்சம் விடுவித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் பாறை உதிரும் வேகமும் பத்து மாதத்துக்கொரு முறை கிழங்கு பறிக்கும் வேகமும் ஒன்றல்ல.

அந்தச் சாம்பல் சத்து எங்கே போகிறது? கிழங்கோடு சேகோ ஆலைக்குப் போகிறது. 1940களில் சேலத்தில் வேரூன்றிய தொழில் இது; இன்று ஆலைகளுக்குச் சந்தை அமைத்துக் கொடுக்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் தொடங்கப்பட்டது. ஆலையில் கிழங்கைக் கழுவி, தோல் சீவி, அரைத்து, பால் பிழிந்து, மாவைத் தெளியவைத்து உருட்டினால் ஜவ்வரிசி. மகாராஷ்டிரத்து விரத நாட்களின் சாபுதானா கிச்சடிக்குப் போவது பெரும்பாலும் நம் ஊர் மாவுதான். மாவு என்பது என்ன? கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன். மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் செடி எடுத்தவை. ஒரு மூட்டை ஜவ்வரிசியில் நம் மண்ணின் பங்கு அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். மண்ணிலிருந்து கிழங்குக்குள் ஏறிய சத்தெல்லாம் ஊரைவிட்டுப் போகாமல் தோலிலும் பிழிந்த சக்கையான திப்பியிலும் கழுவிய தண்ணீரிலும் தங்கிவிடுகிறது. கரையக்கூடியது என்பதால் சாம்பல் சத்தில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரில்.

அதாவது சேலம் விற்பது காற்றையும் வெயிலையும். மண்ணை விற்காமலே பிழைக்கக்கூடிய அபூர்வமான தொழில் இது. திப்பி மாட்டுத் தீவனமாகிறது, சரி. கழுவிய தண்ணீரோ புளித்து நாறி, ஓடைகளுக்கும் கிணறுகளுக்கும் வம்பாகிறது. அதிலிருந்து சாண எரிவாயுபோல் எரிவாயு எடுக்கும் ஆலைகள் இப்போது பல. எரிவாயு எடுத்தபின் கரிமம்தான் குறையும், சாம்பல் சத்து அப்படியே நிற்கும். அந்தத் தண்ணீரை அளந்து, புளிப்பு முறித்து, கிழங்கு வந்த காட்டுக்கே திருப்பினால் வட்டம் மூடிவிடும். செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. கிழங்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் சுற்றிலிருந்து வருகிறது, தண்ணீர் ஆலை வாசலிலேயே கொட்டுகிறது. திரும்பக் கொண்டுபோக யாரும் காசு கொடுப்பதில்லை. இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் அநேகமாக முழுவதும் கப்பலில் வருகிறது. 2022இல் ஒரு மூட்டை 1,700 ரூபாய் விற்றது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுதான். விவசாயி எதைக் கூடுதலாகப் போடுவார் என்று கேட்கத் தேவையில்லை. தழைச்சத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் போட்டால் மற்றச் சத்துகள் சுரண்டப்பட்டு விளைச்சல் சரியும் என்பதைக் கோவையில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச்சோதனை வயல் காட்டிக்கொண்டே இருக்கிறது. நூறாண்டு தாண்டியும் விலைப்பட்டியல் அந்த வயலைப் பார்க்க வரவில்லை.

நாமக்கல்லுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். இங்கே சத்து வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகம். கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வருகின்றன. தானியத்தில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதியைக் கோழியால் செரிக்க முடியாது. அதற்கென்று நொதி கலந்து கொடுத்தாலும் மிச்சம் எச்சத்தோடு விழுகிறது. முட்டை கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போகிறது. வேறெங்கோ ஒரு கரிசல் காட்டின் மணிச்சத்து நாமக்கல்லில் கூண்டுக்கு அடியில் குவிகிறது.

கோழி எரு வீரியமுள்ளது. பழைய ஆட்டுப் பட்டியும் கொழிஞ்சித் தழையும் அருகிவிட்ட காலத்தில் இந்த மண்ணுக்கு அது வரம் என்பதில் சந்தேகமில்லை. அளவு தெரியாமல் கொட்டும்போது இரண்டு கேடு. முட்டைக் கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்பு நிறையச் சேர்ப்பார்கள். எருவிலும் அது வரும். சிவந்த புளிப்பு நிலத்துக்கு அது நல்லது. ஏற்கெனவே சுக்கான் உள்ள நிலத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் இன்னும் இறுக்கிவிடும். மணிச்சத்து மிகுந்தாலும் துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறையும். இன்னொரு கேடு கிணற்றில் தெரியும். எருவின் தழைச்சத்து சீக்கிரமே நைட்ரேட்டாகி, பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பண்ணைகள் நெருங்கியுள்ள ஊர்களில் கிணற்று நீரை ஒருமுறையாவது சோதித்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது நல்லது.

இத்தனைக்கும் நடுவே நம் கையில் இருக்கும் ஆவணம் 2015இல் மத்திய அரசு தொடங்கிய மண் வள அட்டை. அதில் 12 அளவீடுகள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், அங்ககக் கரிமம், கார அமில நிலை, உப்பு நிலை. கால்சியம் இல்லை. மெக்னீசியமும் இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே அச்சு என்றால் இப்படித்தான். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் குன்றுகள் நிற்கின்றன. வெள்ளைக்காரர்கள் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்து ‘சாக் ஹில்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள், உண்மையில் அது மெக்னீசியத் தாது. அப்படிப்பட்ட பாறை உதிர்ந்த மண்ணில் மெக்னீசியம் மிஞ்சிக் கால்சியமும் சாம்பல் சத்தும் பயிருக்கு எட்டாமல் போகும் என்பது பாடப்புத்தகச் செய்தி. அந்த அடிவாரத்தில் கடலை போடுகிறவருக்குக் கால்சியம் அளவு தெரியவேண்டாமா? கடலைக் காய்க்கு இலையிலிருந்து கால்சியம் இறங்கி வராது. மண்ணுக்குள் இறங்கிய காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். அட்டை இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இருப்பைச் சொல்லுகிற அட்டை, வரவையும் செலவையும் சொல்லுவதில்லை என்பது அடுத்த குறை.

மறுபடி அணைக்கு வருவோம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஓடும் ஆறு நின்றால் மண் படியும். காவிரி புது வெள்ளத்தில் கொண்டுவந்த வண்டல் டெல்டாவின் வயல்களில் ஆண்டுதோறும் பரவிய காலம் அணை முடிந்த ஆண்டோடு முடிவுக்கு வந்தது. மேலே கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகரும் பிறகு கட்டிய அணைகளும் தம் பங்குக்கு நிறுத்திக்கொண்டன. வண்டலில் களித்துகள் மிகுதி. களித்துகளின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. கால்சியம், மெக்னீசியம், சாம்பல் சத்து எல்லாவற்றையும் ஒட்டவைத்துக்கொண்டு வேர் கேட்கும்போது கொடுக்கும். நீரையும் பிடித்துவைக்கும். சரளைச் செவலுக்கு இல்லாதது இந்தப் பிடிமானம்தான். பண்ணவாடிச் சேறு அதிக உரம் கேட்காததன் ரகசியம் பாதி இது.

மீதிப் பாதி நீருக்கு அடியில் நடக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் இரும்பு தன் தன்மை மாறிக் கரையத் தொடங்கும். அது அதுவரை இறுக்கி வைத்திருந்த மணிச்சத்து விடுபடும். நெல் வயலில் நீர் கட்டியதும் மணிச்சத்து கூடுதலாகக் கிடைப்பதும் இதனால்தான். அணைத் தரையில் விடுபடும் மணிச்சத்தைக் கோடையில் விதைத்த எள் எடுத்துக்கொண்டால் வெள்ளாமை. எடுக்க ஆளில்லாமல் மேலே நீருக்குள் போனால் பச்சைப் பாசி.

2017 மே மாதம், அணை வறண்டிருந்தபோது, கட்டிய 83 ஆண்டுகளில் முதல் முறையாக வண்டலை அள்ள அரசு வழி திறந்தது. விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஏரி குளங்களின் வண்டலுக்கு இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் வண்டல் இலவசம், வண்டி வாடகை இலவசம் இல்லை. அணைக்கு அருகே டிராக்டர் வைத்திருப்பவருக்குக் கிடைக்கிறது. ஓமலூருக்கு அப்பால் இரண்டு ஏக்கர் செவல் வைத்திருப்பவருக்கு ஏட்டில்தான் கிடைக்கிறது. செங்கல் சூளைக்குப் போய்ச் சேரும் வண்டலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். என் யோசனை எளிமையானது. யூரியாவுக்கு அரசு கொடுக்கும் மானியத்தில் ஒரு துளியை வண்டல் வண்டிக்கும், சேகோத் தண்ணீர்க் குழாய்க்கும், கோழி எருவை மக்கவைத்துச் செவல் காடுகளுக்கு அனுப்பும் செலவுக்கும் திருப்பலாம். புதிதாக எதையும் இறக்குமதி செய்யவேண்டாம்; எல்லாம் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு நீர் கொடுக்கின்றன. அடுத்த முறை கால்வாயில் தண்ணீர் விடும்போது ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். அநேகமாகத் தெளிந்தே இருக்கும். அதில் வந்திருக்கவேண்டிய மண் பண்ணவாடியில், எள்ளுக்கு அடியில் கிடக்கிறது.